மௌனத்துக்கு ஒரு காலி வரி

வீட்டில் ஓடியது. மூத்தவளின் வயிற்றெரிச்சலெல்லாம் அதுதான். வீட்டில், சாப்பாட்டு மேசைமேல், அவளுடைய லேப்டாப்பில் சொன்ன பேச்சைக் கேட்டுச் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட், அரங்கத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவளை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல முழித்தது. ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்றது. ஃபைல் அங்கேதான் இருக்கிறது. பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது.

“கண்ணு முன்னாடி இருக்குல்ல? அப்புறம் என்ன கேடு உனக்கு?” என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

“மெஷினைத் திட்டாதீங்கம்மா,” என்றார் விளக்குக்காரர். “அது பாவம். நான் சொன்னா எல்லாம் கேக்கும்.”

விளக்குக்காரர் அந்த நாடக அரங்கில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்தான். ஆனால் விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் பரம்பரைச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்வார். அரங்கின் பின்புறம் இரும்பு ஏணி ஏறினால் வரும் பெட்டி போன்ற அறை அவருடைய ராஜ்யம். அதில் பித்தான்கள் நிறைந்த ஒரு நீள மேசை, மேடையைப் பார்க்க ஒரு திறந்த ஜன்னல், சுற்றுவதைவிட முனகுவது அதிகமான ஒரு மின்விசிறி. கம்ப்யூட்டருக்குக் குழந்தைக்குப் போர்த்துவதுபோல ஒரு துணியைப் போர்த்தி வைத்திருப்பார். அதை விலக்கி மூத்தவளை உட்கார வைத்ததே பெரிய தயவு என்று அவர் முகம் சொல்லிக்கொண்டிருந்தது. புதிதாக எதையும் ஏற்றக் கூடாது, இருக்கிற எதையும் மாற்றக் கூடாது, டீ கிளாஸை மேசைமேல் வைக்கக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

நாடகம் அன்று சாயங்காலம். இப்போதுதான் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. நேரம் நிறைய இருக்கிறது என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் எழுதியது ஒன்றும் பிரமாதமான ஸ்கிரிப்ட் இல்லை, கம்ப்யூட்டருக்கு நாலு வரிக் கட்டளைதான். நாடகத்தின் வசனம் முழுவதும் ஒரு ஃபைலில், ஒரு வசனத்துக்கு ஒரு வரியாக இருக்கும். எழுதுகிற எடிட்டர் புரோகிராமில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு கீபோர்டில் ஒரு சாவியை அழுத்தினால், அந்த வரி இடதுபக்கச் சுவரில் தொங்கும் மின்பலகையில் தோன்றும். மறுபடி அழுத்தினால் அடுத்த வரி. நடிகர் பேசப் பேச அவள் அழுத்திக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். ‘கைபேசியை அணைக்கவும்’, ‘வெளியே செல்லும் வழி’ என்று காட்டுவதற்காக மாட்டிய சின்னப் பலகை அது. இடதுபக்க இருக்கைகளைப் பார்த்துச் சாய்ந்து தொங்குவதால் மற்ற யார் கண்ணிலும் அவ்வளவாகப் படாது. அந்தப் பலகையோடு பேச அரங்கத்துக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டுப் பென் டிரைவோடு வந்து இப்படி மாட்டிக்கொண்டாள்.

இத்தனை பாடும் சின்னவளுக்காக.

சின்னவள் அவளுடைய தங்கை. பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இரண்டு காதுகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. ஏற்ற இறக்கமில்லாத, கொஞ்சம் உரத்த பேச்சு. கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தீட்டுகிறாள், அக்கா வீட்டோடு இருக்கிறாள். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்து முக்கால்வாசி புரிந்துகொள்வாள், மீதியைச் சாமர்த்தியத்தால் நிரப்பிக்கொள்வாள். ஆனால் மேடையில் நிற்கிறவர் உதடு அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்? அதனால் அவளுடைய அத்தான், மூத்தவளின் கணவர், நடிக்கிற நாடகங்களுக்குப் போகும்போதெல்லாம் மூத்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு குட்டி டார்ச்சைத் தன் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனத்தையும் சத்தமில்லாமல் வாயசைத்துச் சொல்லுவாள். இருட்டில் அந்த முகம் பேய் மாதிரி தெரியும். பின்வரிசைக்காரர்கள் உச் கொட்டுவார்கள். அதுகூடப் பரவாயில்லை. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு வசனம் சின்னவளிடம் போய்ச் சேரும். அவள் அப்போதுதான் சிரிப்பாள். அடங்கிப்போன அரங்கில், தன்னந்தனியாக, அந்த உரத்த குரலில். அதற்குள் மேடையில் யாராவது அழத் தொடங்கியிருப்பார்கள்.

போன நாடகத்தில் ஒரு சாவுக் காட்சியில் அப்படிச் சிரித்துவிட்டாள். அரங்கமே திரும்பி முறைத்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

“இனிமே நான் வரலக்கா. நீங்க எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் நான் ஒருத்தி மட்டும் சிரிக்கிறது எனக்கே அசிங்கமா இருக்கு. நீயும் அத்தானும் போயிட்டு வாங்க. நான் வீட்ல இருக்கேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் மூத்தவள் சண்டை போட்டிருப்பாள். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள். அது மூத்தவளின் நெஞ்சில் தைத்தது. அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து செய்கிற காரியம் நாடகம் ஒன்றுதான். அதுவும் போனால் சின்னவள் மெல்ல மெல்ல எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கிவிடுவாள் என்று பயமாக இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, பலகையில் வசனம் வரவைக்கிறேன், இந்த ஒரு தடவை மட்டும் வந்து பாரடி என்று சம்மதிக்க வைத்தாள். “சரி, கடைசியா ஒரு தடவை,” என்று ஒரு விரலைக் காட்டினாள் சின்னவள்.

ஆகவே இன்று பலகை ஓடியாக வேண்டும்.

ஃபைல் ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் மூத்தவளுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. இரண்டு இடத்திலும் எடிட்டர் ஒன்றுதான். அதே பெயர், அதே கறுப்புத் திரை. அதை நம்பித்தான் மோசம் போனாள். கீழே ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேறு வேறு. ஃபோல்டர் பெயர்களுக்கு நடுவே போடுகிற சாய்வுக்கோடு அவள் லேப்டாப்பில் இடதுபக்கம் சாய்கிறது, இங்கே வலதுபக்கம் சாய வேண்டுமாம். ஒரு கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்காக ஒரு மனுஷியை இப்படி அலைக்கழிப்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாக் கோடுகளையும் நிமிர்த்தி எதிர்ப்பக்கம் சாய்த்தாள். ஃபைல் திறந்தது.

அடுத்து, சாவி. வீட்டில் மேல்வரிசையில் ஓரமாக இருக்கிற சாவியை அழுத்தினால் அடுத்த வரி போகும். இங்கே அதை அழுத்தியதும் கம்ப்யூட்டரின் திரை மங்கியது. இன்னொரு தடவை அழுத்தினாள், இன்னும் மங்கியது. கோபத்தில் நாலைந்து தடவை குத்தியதில் திரை முழுக்க இருட்டாகிவிட்டது.

“ஐயையோ, என்ன பண்ணீங்க?” என்று ஓடி வந்தார் விளக்குக்காரர்.

“நான் ஒண்ணும் பண்ணல அண்ணே. எங்க வீட்ல இந்தச் சாவி இப்படியெல்லாம் செய்யாது.”

“உங்க வீட்டுச் சாவியும் எங்க சாவியும் ஒண்ணாம்மா? நீங்க எழுதினதுலதான் என்னமோ இருக்கு. எங்க மெஷின்ல எந்தக் கோளாறும் கிடையாது.”

இந்த வாக்கியத்தைத்தான் அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலை மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற மெல்லிய காகிதத்தில் பிழை பார்ப்பது. எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும், யார் தொடவே கூடாது என்று எறும்பு எழுத்தில் அச்சடித்திருக்குமே, அது. அந்த அச்சகத்திலும் பிழை வந்தால் எல்லாரும் முதலில் சொல்வது இதுதான்: எங்ககிட்ட சரியாத்தான் இருந்துச்சு. பார்த்துப் பார்த்துப் பிழை பொறுக்கவே பிறந்தவள் என்று அவளுக்கு அங்கே பெயர். சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதக் கற்றதும் அங்கேதான். அப்படிப்பட்டவளைப் பார்த்து, நீங்க எழுதினதுல என்னமோ இருக்கு என்கிறார் இந்த மனுஷர். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, சாவியை மாற்றி, ஸ்பேஸ் பார் என்கிற இடைவெளிப் பட்டையை வைத்துக்கொண்டாள். அதையாவது எல்லா மெஷினும் ஒரே மாதிரி மதிக்கும்.

ஏணி கடகடத்தது. பாதி ஒப்பனையோடு, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்காரர் தலையை நீட்டினார். அவள் கணவர் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறவர், சாயங்காலங்களில் நடிகர். இந்த நாடகத்தில் பல் டாக்டர் வேஷம். தனக்கே பல்வலி வந்து, இன்னொரு டாக்டரிடம் போகப் பயந்து நடுங்குகிற பல் டாக்டர்.

“ஆச்சா?” என்றார்.

“ஆகிட்டே இருக்கு. நீங்க கீழ போங்க.”

“கண்ணாடி துடைக்கிற இடம் ஞாபகம் இருக்குல்ல? அங்க பலகையில ஒண்ணும் இருக்கக் கூடாது. இருட்டா இருக்கணும். நான் சொல்றதுக்கு முன்னாடி அது சொல்லித் தொலைச்சிடக் கூடாது.”

“தெரியுங்க.”

“இல்ல, அந்த இடம்தான் நாடகமே…”

“தெரியும்னு சொல்றேன்ல!”

அவர் தலை கீழே இறங்கியது. அவருடைய நடிப்பைப் பற்றி ஊரில் ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். அவரைப் பொறுத்தவரை, அவர் நடிப்பு என்பது அவர் பேசாமல் நிற்கிற இடங்கள்தான். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற நோயாளி கேட்பான்: “டாக்டர், வலிக்குமா?” அவர் உடனே பதில் சொல்ல மாட்டார். நோயாளியைப் பார்ப்பார், கையிலுள்ள இடுக்கியைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்து மாட்டிக்கொள்வார். அப்புறம்தான் சொல்வார்: “இதுவரைக்கும் எனக்கு வலிச்சதில்ல.” அரங்கம் வெடிக்கும். அந்தத் துடைப்புக்காகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் அவர் பட்ட பாட்டை மூத்தவள் கதவுக்கு வெளியே துண்டோடு நின்று அனுபவித்திருக்கிறாள்.

அதனால் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். அவர் பேசாமல் நிற்கிற ஒவ்வோர் இடத்துக்கும் ஃபைலில் ஒரு காலி வரி விட்டிருந்தாள். மௌனம் தொடங்கும்போது ஒரு தடவை அழுத்தினால் காலி வரி போகும், பலகை இருண்டு நிற்கும். பேசும்போது இன்னொரு தடவை அழுத்தினால் வசனம் வரும். இவ்வளவு கவனமாக வேறு யார் செய்வார்கள் என்று அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இப்போது ஓட்டிப் பார்த்தாள். அழுத்தினாள், முதல் வசனம் பலகையில் பளிச்சென்று வந்தது. அடடா! மறுபடி அழுத்தினாள், பலகை காலி. இன்னொரு தடவை அழுத்தினாள், இரண்டாவது வசனம். அப்புறம் மறுபடி காலி. ஒன்று விட்டு ஒன்று, ஒன்று விட்டு ஒன்று. கண் சிமிட்டுவதுபோல.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஃபைலைத் திறந்து பார்த்தால் அந்த வசனங்களுக்கு நடுவே ஒரு காலி வரியும் இல்லை. மூடிவிட்டு ஓட்டினால் வசனத்துக்கு வசனம் காலி. விளக்குக்காரர் பின்னால் நின்றுகொண்டு, “ஒருவேளை ஒயர் லூசா இருக்குமோ?” என்றார். ஒயர் லூசாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக மக்கர் பண்ணுமா? அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் டீ வாங்கக் கீழே போய்விட்டார்.

முட்டி மோதிக் கடைசியில் பிடித்தாள். ஒரு வரி முடிந்தது என்று சொல்ல அவள் லேப்டாப் கண்ணுக்குத் தெரியாத இரண்டு அடையாளங்களைப் போடுகிறது. படிக்கும்போது இரண்டையும் சேர்த்து ஒன்றாக எண்ணிக்கொள்கிறது. அரங்கத்துக் கம்ப்யூட்டருக்கு வரிக்கு ஓர் அடையாளம்தான் பழக்கம். இரண்டைப் பார்த்ததும் இரண்டு வரி முடிந்ததாக எடுத்துக்கொண்டு, நடுவில் இல்லாத ஒரு காலி வரியைத் தானாகவே இட்டுக்கட்டுகிறது. அவள் வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது இந்த ரகசியத்தை அந்த லேப்டாப் அவளிடம் மூச்சு விடவில்லை.

சரியான வைத்தியம் அவளுக்குத் தெரியும். ஃபைல் முழுவதையும் இந்த மெஷினின் வழக்கத்துக்கு மாற்றி எழுத வேண்டும், ஒரு தடவை தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். ஆனால் கீழே கதவைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். “பாட்டு போடணும்மா, எந்திரிங்க எந்திரிங்க,” என்று விளக்குக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று பறந்தார். இடதுபக்க ஓரத்து இருக்கையில் சின்னவள் வந்து உட்காருவது ஜன்னல் வழியே தெரிந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட்டதற்காக வந்திருக்கிறேன் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

மூத்தவள் குறுக்கு வழியில் போனாள். ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: காலியாக இருந்தால் காட்டாதே, தாண்டி அடுத்ததற்குப் போ. ஓட்டிப் பார்த்தாள். முதல் வசனம், இரண்டாவது, மூன்றாவது, கண் சிமிட்டல் இல்லாமல் வரிசையாக வந்தன. முதல் பக்கம் முழுக்க ஓடியது. “ஓடுது அண்ணே!” என்று கத்தியேவிட்டாள். விளக்குக்காரர், “நான்தான் சொன்னேனே, நல்ல மெஷின்,” என்றார்.

முதல் பக்கத்தில் மௌனமே கிடையாது. அது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

திரை விலகியது. அவள் அழுத்த அழுத்தப் பலகை பேசியது. டாக்டரின் உதவிக்காரப் பெண் வந்தாள், நோயாளி வந்தான், டாக்டர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சின்னவள் தலை மேடைக்கும் பலகைக்குமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அரங்கம் சிரித்தபோது சின்னவள் தோளும் கூடவே குலுங்கியதை மூத்தவள் பார்த்தாள். கூடவே! ஏணிப்படியில் நின்று குதிக்கலாம் போல இருந்தது.

நோயாளி நாற்காலியில் சாய்ந்தான். “டாக்டர், வலிக்குமா?”

வீட்டுக்காரர் நோயாளியைப் பார்த்தார். மூத்தவள் பலகையை இருட்டாக்க ஒரு தடவை அழுத்தினாள்.

பலகையில் வந்தது: இதுவரைக்கும் எனக்கு வலிச்சதில்ல.

காலி வரியைத் தாண்டச் சொன்னது அவள்தானே! மெஷின் இட்டுக்கட்டிய காலி வரிகளோடு சேர்த்து அவள் பார்த்துப் பார்த்து விட்ட மௌனங்களையும் அது தாண்டிவிட்டது. பின்னால் போகும் சாவியை அழுத்தினாள். அது பழைய வசனத்துக்குப் போனது. முன்னால் வந்தாள். மறுபடி அதே வலிச்சதில்ல. நடுவில் நிற்க இடமே இல்லை. மேடையில் அவர் இன்னும் இடுக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை இனிமேல்தான் கழற்ற வேண்டும்.

அப்போது இடதுபக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. உரத்த, ஏற்ற இறக்கமில்லாத, அடக்கத் தெரியாத சிரிப்பு. மற்றவர்கள் கண்ணெல்லாம் மேடைமேல் இருக்க, அரங்கம் முழுக்க ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் அது ஒன்று மட்டும் கேட்டது. நூறு தலைகள் திரும்பின. வீட்டுக்காரர் கை மூக்குக்கண்ணாடிமேல் அப்படியே நின்றது. அவசர அவசரமாகத் துடைத்து மாட்டிக்கொண்டு வசனத்தைச் சொன்னார். சிரித்தார்கள், ஆனால் வழக்கமாக வெடிப்பதில் பாதிகூட இல்லை.

“என்னம்மா ஆச்சு?” என்றார் விளக்குக்காரர்.

“பேசாதீங்க அண்ணே, கையெடுத்துக் கும்பிடறேன்.”

இனிமேல் மௌனம் வருகிற இடத்தில் அழுத்தக் கூடாது, சும்மா இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் உருப்போட்டாள். ஆனால் வீட்டில் எத்தனையோ நாள் பழகிய கட்டைவிரல் அது. நோயாளி, “எந்தப் பல்லுன்னு தெரியுமா டாக்டர்?” என்று கேட்டதும் விரல் தன்பாட்டுக்கு அழுத்திவிட்டது. மேடையில் அவர் நோயாளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். பலகையில் வசனம் வந்துவிட்டது: ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சிடும். சின்னவள் மடியிலிருந்த கைப்பை கீழே விழுகிற மாதிரி சிரித்தாள். இந்தத் தடவை அவளைப் பார்த்துவிட்டுச் சில பேர், என்னவோ வரப்போகிறது என்று மேடையை உற்றுப் பார்த்தார்கள். மூத்தவள் தன் விரலைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

மூன்றாவது இடம் வந்தது. டாக்டரின் பல்லை அவருடைய உதவிக்காரப் பெண்ணே பிடுங்கப் போகிற காட்சி. அவர் நாற்காலியில் படுத்திருக்கிறார். அவள் கேட்கிறாள்: “கடைசியா ஏதாவது சொல்லணுமா டாக்டர்?” அவர் கூரையைப் பார்த்தார்.

மூத்தவள் அழுத்தவில்லை. விரலைப் பட்டைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவர் பேசும்போது அழுத்தினால் போதும், பிழையில்லை, யாரும் குறை சொல்ல முடியாது. ஜன்னல் வழியே ஒரு தடவை கீழே பார்த்தாள். சின்னவள் மேடையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பி, வாயை லேசாகத் திறந்துகொண்டு, தனக்கு மட்டும் எதையோ கொண்டுவரப் போகிறார்கள் என்பதுபோலக் காத்திருந்தாள். அந்த முகத்தை இத்தனை வருஷத்தில் எந்த நாடகத்திலும் அவள் பார்த்ததில்லை. எப்போதும் அக்காவின் வாயைப் பார்த்துக் கவலையோடு சுருங்கியிருக்கிற முகம் அது.

அவள் அழுத்தினாள்.

பலகையில் வந்தது: ஃபீஸ் முன்பணமா கொடுக்கணும்னு நான்தான் போர்டு எழுதி வெச்சேன்.

சின்னவள் கைதட்டிச் சிரித்தாள். சிரிப்பைப் பார்த்தே இடதுபக்க வரிசைகள் சிரித்தன. வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அவர் காதுமடல் சிவந்ததை அத்தனை தூரத்திலிருந்தும் மூத்தவளால் பார்க்க முடிந்தது. பல வருஷம் கூடக் குடித்தனம் நடத்தினவளாயிற்றே.

நாடகம் முடிந்து ஒப்பனை அறைக்குப் போனபோது அவர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் வீசியிருந்தார். முகத்தில் பாதிச் சாயம் துடைத்தபடி, பாதி அப்படியே.

“மெஷின் கோளாறா?” என்றார்.

“முதல் ரெண்டும் கோளாறு.”

“மூணாவது?”

சொல்லாமல் தப்பித்திருக்கலாம். அந்த மெஷின்மேல் பழி போட ஆயிரம் வழி இருந்தது. அவளுக்கு அப்படிச் செய்யத் தோன்றவில்லை.

“மூணாவது நான்தான் அழுத்தினேன்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் துணியைக் கீழே வைத்தார். “ஏம்மா, நான் அந்த இடத்துல சும்மாவா நிக்கிறேன்? எத்தனை நாள் உழைப்பு தெரியுமா அது? ஜனங்க என்னைப் பாக்கல. இடதுபக்கம் பாக்கறாங்க. என் மௌனத்துல வேற ஒருத்தி சிரிக்கிறா. மேடையில நான் பொணம் மாதிரி படுத்திருக்கேன். கட்டின பொண்டாட்டியே இப்படிக் கவுத்துவிட்டா…”

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கையை வெட்டினாலும் மறுபடி அழுத்தியிருப்பாள் என்பதும் தெரிந்தது.

கதவு தடாலென்று திறந்தது. சின்னவளுக்குக் கதவின் சத்தம் தெரியாது, அதனால் அவள் திறந்தால் எப்போதும் தடால்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. நேராக அத்தான் எதிரில் வந்து, அவர் வாய் தெரிகிற மாதிரி நின்றாள்.

“அத்தான், நான் சிரிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா?”

அவர் வாயில் திட்டு பாதி இருந்தது. அதை அப்படியே நிறுத்திவிட்டு, அவளுக்குப் புரிகிற மாதிரி உதட்டை நன்றாக அசைத்து, “தெருவரைக்கும் கேட்டுச்சு,” என்றார்.

“நிஜமாவா?” அவளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினாள். “அக்கா, என்ன நடந்துச்சு தெரியுமா? பக்கத்து சீட்ல ஒரு பெரியவரு. கண்ணாடியை வீட்லயே விட்டுட்டு வந்துட்டாரு போல, பலகையில எழுத்து தெரியாம கண்ணை இடுக்கிக்கிட்டே இருந்தாரு. நான் முதல்ல சிரிச்சதும் திரும்பி முறைச்சாரு. நான் வழக்கம்போல தலையைக் குனிஞ்சிக்கிட்டேன். அப்புறம் அத்தான் அந்த வசனத்தைச் சொன்னதும் அவரே சிரிச்சிட்டாரு. ரெண்டாவது தடவையும் அப்படியே. மூணாவது தடவை நான் சிரிச்சேனா, அவரு முறைக்கல. என் தோளைத் தட்டி, என் பக்கம் திரும்பினாரு. பலகை வெளிச்சத்துல அவர் வாய் எனக்கு நல்லாத் தெரிஞ்சது.”

“என்ன சொன்னாரு?”

“‘என்ன சொல்லப் போறான், என்ன சொல்லப் போறான்’னு கேட்டாருக்கா. என்னை! என்னைக் கேட்டாரு!”

இந்தக் கேள்வியைச் சின்னவள் கேட்டுத்தான் எல்லாருக்கும் பழக்கம். யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“நீ சொன்னியா?” என்றார் வீட்டுக்காரர். தன் வசனத்தைப் பற்றிய கவலை அவருக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.

“ஊஹூம்.” சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். “‘அப்புறம் சொல்றேன்’னேன். நீங்க எல்லாரும் எனக்குச் சொல்றீங்கல்ல, சாப்பிடற இடத்துல, பஸ்ல, சொந்தக்காரங்க வீட்ல, எல்லாரும் சிரிக்கும்போது என்னன்னு நான் கேட்டா? அதே மாதிரி, கையை இப்படி ஆட்டி, ‘அப்புறம் சொல்றேன்’னேன்.”

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டுக்காரர் சாயத் துணியைக் கையில் எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். மூத்தவள் அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதுவரை சின்னவள் அவர்களுக்காகக் காத்திருந்தாள்.